எல்லாம் உங்களிடமே வந்து முடிந்தால், பக்கத்து இருக்கைக்காரருக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி: வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 12 பேர் கொண்ட குழுவுக்கு டீம் லீடராக இருக்கிறேன். பொறுப்பேற்றுப் பத்து மாதம் ஆகிறது. அதட்டி வேலை வாங்குபவனாக இருக்கக் கூடாது, குழுவுக்குச் சேவை செய்பவனாக இருக்க வேண்டும் என்ற முடிவோடுதான் வந்தேன். யாராவது லீவு போட்டால் அவர்களுடைய டிக்கெட்டுகளை, அதாவது பதிவான வாடிக்கையாளர் கோரிக்கைகளை, இரவில் உட்கார்ந்து நானே முடிக்கிறேன். வாடிக்கையாளர் கோபப்பட்டால் அழைப்பை எனக்கு மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் குழுவுக்குள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது இல்லை. புதிதாக வந்தவர்கள் திணறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஷிப்ட் மாறும்போது அடுத்தவருக்குக் குறிப்பு எழுதி வைப்பதில்லை. அனுபவமுள்ள அக்கா ஒருவர் மட்டும் எல்லாருக்கும் சொல்லித்தருகிறார்; அவரும் இப்போது அலுத்துக்கொள்கிறார். ‘தன்னார்வ உதவி’ என்று அப்ரைசலில் (பணி மதிப்பீட்டில்) 10 மதிப்பெண் வைத்துவிடலாம் என்கிறது ஹெச்.ஆர். நான் இளகிய மனசுக்காரன் என்பதால்தான் இப்படி ஆகிறதா? மதிப்பெண் வைக்கலாமா?

பதில்:

மதிப்பெண் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் இளகிய மனசும் இதற்குக் காரணம் இல்லை; அதை மாற்றிக்கொள்ள முயலாதீர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் குழுவில் எழும் ஒவ்வொரு தேவையும் நேராக உங்களிடம் வந்து, உங்களோடு முடிந்துவிடுகிறது. ஒருவர் திணறுவது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வருவதற்குள் நீங்கள் போய் நிற்கிறீர்கள். தெரிந்தாலும் “சார் பார்த்துக்குவார்” என்று அவர் தன் திரையைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, நீங்கள் பார்த்துக்கொள்ளத்தானே செய்கிறீர்கள்!

நீங்கள் பின்பற்ற நினைக்கும் சேவகத் தலைமை என்ற கருத்துக்குப் பெயரும் வடிவமும் கொடுத்தவர் ராபர்ட் கிரீன்லீஃப். ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றபின், 1970-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை முன்வைத்தார். ஒருவர் சேவகத் தலைவர்தானா என்பதற்கு அவர் வைத்த சோதனையில், தலைவர் எவ்வளவு உழைத்தார் என்ற கேள்வியே கிடையாது. சேவை பெற்றவர்கள் வளர்ந்தார்களா, முன்பைவிடச் சொந்தக் காலில் நிற்கிறார்களா, அவர்களும் பிறருக்குச் சேவை செய்பவர்களாக மாறுகிறார்களா என்பவையே அவருடைய கேள்விகள். பத்து மாத உழைப்பை இந்தச் சோதனையில் வைத்துப் பார்த்தால், விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

ஆய்வாளர் ராபர்ட் லைடனும் அவருடைய குழுவினரும் 2008-இல் இந்தத் தலைமையை அளக்க ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். அதில் ஏழு கூறுகள்: மனக்காயத்தைப் புரிந்து ஆற்றுவது, சுற்றியுள்ள சமூகத்துக்குப் பயன்படுவது, வேலையின் முழுப் படத்தையும் அறிந்திருப்பது, அதிகாரத்தைப் பகிர்வது, ஊழியர் வளரக் கைகொடுப்பது, ஊழியரைத் தனக்கு முன்னால் வைப்பது, நேர்மை. ஊழியரை முன்னால் வைப்பதில் நீங்கள் முழு மதிப்பெண் வாங்குவீர்கள். அதிகாரத்தைப் பகிர்வதிலும் வளர்த்துவிடுவதிலும் கிட்டத்தட்ட பூஜ்யம். கோபமான அழைப்பு ஒவ்வொன்றையும் நீங்கள் வாங்கிக்கொண்டால், கோபமான வாடிக்கையாளரைச் சமாளிக்க அந்த 12 பேரும் எப்போது கற்பது? தன் வேலையிலேயே தடுமாறுகிறவர் அடுத்தவருக்கு எதைச் சொல்லித்தர முடியும்?

இது என் ஊகம் மட்டும் இல்லை. ஃபிரெட் வலும்ப்வாவும் அவருடைய சகாக்களும் கென்யாவில் 7 பன்னாட்டு நிறுவனங்களில் 815 ஊழியர்களையும் 123 மேற்பார்வையாளர்களையும் வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. சேவகத் தலைமைக்கும் ஊழியர் தாமாகச் செய்யும் உதவிக்கும் நடுவில் நின்று இணைப்பவை எவை என்று அதில் பார்த்தார்கள். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை, மேற்பார்வையாளர்மேல் உள்ள பற்று, முடிவுகள் நியாயமாக எடுக்கப்படுகின்றன என்ற பொதுவான எண்ணம், வாடிக்கையாளர் சேவையை மதிக்கும் சூழல் ஆகிய நான்கும் தேறின. அதற்கு முன்பே, 2004-இல், மார்க் ஏர்ஹார்ட் மளிகைப் பேரங்காடிகளின் 249 பிரிவுகளில் பார்த்தபோதும் நியாயம் பற்றிய அந்த எண்ணம்தான் பாலமாகத் தெரிந்தது. இவை கருத்துக்கணிப்பு வகை ஆய்வுகள் என்பதால், எது காரணம் எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒத்துப்போகிற குழு அமைந்துவிட்டால் தலைவரும் நல்லவராகத் தெரிவார். ஆனாலும் எங்கே கை வைக்கலாம் என்று காட்ட இது போதும். நான்கில் உங்களிடம் இருப்பது பற்று ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பற்றிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவர் நமக்கு நல்லது செய்தால் திருப்பிச் செய்யத் தோன்றும். ஆனால் அந்தக் கடன் நல்லது செய்தவருக்குத்தான். ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்க முடியுமா என்று நீங்கள் கேட்டால் உங்கள் ஆட்கள் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அதாவது கடன் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது, உங்களுக்கு. குழுவுக்குள் ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் தொடங்கவே இல்லை. உங்களைப் பார்த்துப் பழகவும் வழியில்லை. இரவில் தனியாக முடித்த டிக்கெட்டை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ‘லீடர் வேலை அது’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில், நீங்கள் சொன்ன இரண்டு குறைகளையும் பிரித்துவிடுங்கள். தாமாகச் செய்யும் உதவியைப் பற்றிய ஆய்வுக்கு 1980-களில் அடித்தளமிட்டவர்களில் ஒருவரான டென்னிஸ் ஆர்கன் அதை ஐந்தாகப் பிரித்தார்: சக ஊழியருக்குக் கைகொடுப்பது, எதிர்பார்ப்புக்கு மேல் ஒழுங்காக இருப்பது, சின்னச் சங்கடங்களைப் பெரிதாக்காமல் விடுவது, தன் செயலால் அடுத்தவருக்குச் சிக்கல் வராமல் முன்கூட்டித் தெரிவிப்பது, நிறுவன விஷயங்களில் அக்கறையோடு பங்கெடுப்பது. புதியவருக்கு உதவாதது முதல் வகை. ஷிப்ட் குறிப்பு எழுதாதது நான்காம் வகை போலத் தெரியும். உண்மையில் அதைத் தன்னார்வத்துக்கு விட்டதே தவறு. அடுத்தவர் வேலையைத் தொடங்க அது இல்லாமல் முடியாது என்றால் அது கடமை. எனவே விதியாக்குங்கள். திறந்திருக்கும் டிக்கெட் எண், வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு, அடுத்து செய்ய வேண்டியது, எப்போதுக்குள் என்று நான்கு கட்டம் கொண்ட படிவம் போதும். எழுத ஷிப்டின் கடைசி 10 நிமிடம் அழைப்பு வராமல் நிறுத்திக் கொடுங்கள். நேரம் கொடுக்காமல் படிவம் மட்டும் கொடுத்தால், ‘பெண்டிங் உள்ளது’ என்ற ஒரே வரியை எல்லாரும் எழுதுவார்கள்.

அடுத்த இரண்டு வாரம் வேறு எதையும் மாற்றாமல் எண்ணுங்கள். உங்களிடம் வரும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: யார் கொண்டுவந்தார், என்ன விஷயம், எத்தனை நிமிடம் போனது, வேறு யாரால் முடிந்திருக்கும். முடிவில் மூன்று குவியல் கிடைக்கும். உங்கள் கையெழுத்து இல்லாமல் நடக்காதவை, குழுவில் வேறொருவருக்கு விடை தெரிந்தவை, வெறும் ஆள்பலம் மட்டும் தேவைப்பட்டவை.

முதல் குவியலுக்கு மருந்து அதிகாரப் பகிர்வு. பணம் திருப்பித் தருவது, தாமதக் கட்டணம் நீக்குவது போன்றவற்றுக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்குள் அவரவரே முடிவெடுக்க உங்கள் மேலாளரிடம் அனுமதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை சில முடிவுகளை எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் வரம்பைப் பறிக்காதீர்கள். எங்கே சறுக்கியது என்று பேசுங்கள். ஒருமுறை பறித்துவிட்டால் மறுபடி எல்லாம் உங்கள் மேசைக்கே வரும்.

இரண்டாம் குவியலில்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இருக்கும். 12 பேருக்கும் ஆளுக்கொரு தலைப்பு கொடுங்கள்: பில் திருத்தம் ஒருவர், முகவரி மாற்றம் ஒருவர், இணைப்புக் கோளாறு ஒருவர் என்று. புதியவருக்கும் ஒன்று, எளிதாக, கட்டாயம். கேள்வி வந்தால் நீங்கள் விடை சொல்லாமல், “போன வாரம் இதே மாதிரி ஒன்றை அவர் முடித்தார், அவரிடம் கேளுங்கள்” என்று ஆளைச் சுட்டி அனுப்புங்கள். “யாரையாவது கேளுங்கள்” என்றால் யாரும் தன்னைச் சொன்னதாக நினைக்க மாட்டார்கள். எல்லாரையும் அந்த அக்காவிடமே அனுப்பிவிடவும் கூடாது.

மூன்றாவது, ஒருவர் லீவில் போன நாள். ஷிப்ட் தொடக்கத்தில் 10 நிமிடம் நின்றபடி பேசுங்கள். மிச்சமிருக்கும் எண்ணிக்கையை எல்லாரும் பார்க்கும்படி எழுதி, “யாரால் மூன்று எடுக்க முடியும்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கும். நடுவில் “சரி, நானே பார்க்கிறேன்” என்று சொல்லிவிடாதீர்கள். யாரும் எடுக்கவில்லையா, சமமாகப் பங்கிடுங்கள். இரவுக்கு வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

கோபமான அழைப்புகளை ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது. முதல் முறை நீங்கள் பேசுங்கள், அவர் இன்னொரு ஹெட்செட்டில் கேட்கட்டும். இரண்டாம் முறை அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். மூன்றாம் முறை அவர் தனியே, நீங்கள் கூப்பிடு தூரத்தில். சிலருக்கு இது மூன்று அழைப்பில் முடியும், சிலருக்கு பதினைந்து ஆகும்.

இதையெல்லாம் சொல்லாமல் செய்தால் “சார் மாறிட்டாரு” என்ற பேச்சுதான் மிஞ்சும். இதுவரை கிடைத்ததைப் பறித்ததாகவே அதை எடுத்துக்கொள்வார்கள். அதனால் தொடங்கும் முன்பே குழுவிடம் நேரடியாகப் பேசுங்கள்: “இதுவரை எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டேன். அதனால் உங்களுக்குக் கற்றுக்கொள்ள வாய்ப்பு இல்லாமல் போய்விட்டது, அது என் தவறு. இனி படிப்படியாக உங்களிடம் விடுகிறேன். சிக்கினால் நான் இங்கேதான் இருக்கிறேன்.” கூடவே நீங்களும் உதவி கேளுங்கள். ஓர் அறிக்கையை முடிக்கத் தெரியவில்லை என்றால், குழுவில் விவரம் தெரிந்த இளையவரிடம் எல்லார் முன்னாலும் கேட்கலாம். உதவி கேட்பது தலைகுனிவு இல்லை என்று தெரிந்தால்தான் புதியவர் வாய் திறப்பார். கேட்பவரே இல்லாத இடத்தில் கொடுப்பவர் எங்கிருந்து வருவார்?

டார்கெட்டையும் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரையும் அன்றைய டிக்கெட் எண்ணிக்கையால் மட்டும் அளந்தால், பக்கத்து ஆளுக்கு 15 நிமிடம் சொல்லித்தருவது தன் எண்ணிக்கையை வெட்டிக்கொடுப்பது. இப்படி வைத்துவிட்டு மனித மனம் சுருங்கிவிட்டது என்று வருந்துவதில் பொருள் இல்லை. இடைவேளை போக ஒருவருக்கு 7 மணி நேர வேலை, அதாவது 420 நிமிடம். அதில் 20 நிமிடத்தை ‘உதவி நேரம்’ என்று தனிக் குறியீட்டில் பதிவு செய்து, சராசரிக் கணக்கிலிருந்து விலக்குங்கள். ஐந்து சதவீதம்கூட இல்லை. 12 பேருக்கும் சேர்த்து நாளைக்கு நான்கு மணி நேரம். நீங்கள் இன்று ஒருவராகச் சுமப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நியாயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல மனசுள்ள தலைவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒருவருக்கு வீட்டில் சிக்கல், அவருக்கு மாலை ஷிப்ட் வேண்டாம் என்று தனியாகக் கேட்கிறார். நீங்களும் இரக்கப்பட்டுச் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுக்கிறீர்கள். அவருக்கு அது சேவை. காரணம் தெரியாத மற்ற பதினொரு பேருக்கு அது சலுகை. இப்படி நான்கு முறை நடந்தால், ‘சாரிடம் நெருக்கமாக இருந்தால் காரியம் நடக்கும்’ என்பதே குழுவின் பாடம். அப்புறம் சக ஊழியருக்கு உதவ யாருக்கும் மனசு வராது. உங்களிடம் நெருங்கத்தான் வரும். எனவே ஷிப்ட் பட்டியல், லீவு, கடினமான டிக்கெட் பங்கீடு ஆகிய மூன்றுக்கும் விதியை எழுதி வையுங்கள். எழுதும் முன் எல்லாரிடமும் கருத்துக் கேளுங்கள், எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்லுங்கள், தவறென்று காட்டினால் திருத்த வழி வையுங்கள். விதிவிலக்கும் விதியிலேயே இருக்கட்டும்: வீட்டில் அவசரம் என்றால் யாரும் மாதத்துக்கு இத்தனை முறை ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம் என்று. ஒருவருடைய சொந்தக் காரணத்தை வெளியில் சொல்ல வேண்டாம். அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்திருப்பது தெரிந்தால் போதும்.

இப்போது அந்த அக்கா. இதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். ராப் கிராஸ், ரெப் ரெபெல், ஆடம் கிரான்ட் மூவரும் 2016-இல் எழுதியபடி, ஒரு நிறுவனத்தில் பயனுள்ள கூட்டுழைப்பில் 20 முதல் 35 சதவீதம் வெறும் 3 முதல் 5 சதவீத ஊழியரிடமிருந்து வருகிறது. உதவுகிறவரைத் தேடித்தான் எல்லாரும் வருவார்கள். வந்தால் அவர் மறுக்க மாட்டார். அவருடைய சொந்த வேலை தேங்கும். தனியே அழைத்து, சொல்லித்தருவதில் எது பிடித்திருக்கிறது, எது சுமையாக இருக்கிறது என்று கேளுங்கள். சுமையானதைப் பெயர் சொல்லி வேறொருவருக்கு மாற்றுங்கள். புதியவர் பயிற்சி அவருக்குப் பிடித்திருந்தால் அதை அதிகாரபூர்வப் பொறுப்பாக்கி, நேரம் ஒதுக்கி, டிக்கெட் எண்ணிக்கையைக் குறையுங்கள். அப்போது அதை அப்ரைசலில் தாராளமாக எழுதலாம், அது இனி அவருடைய வேலை.

அவர் பெண் என்பதையும் கவனியுங்கள். மேட்லின் ஹைல்மனும் ஜூலி சென்னும் 2005-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரே மாதிரி உதவியை ஆண் செய்தபோது அவருடைய மதிப்பீடு உயர்ந்தது, பெண் செய்தபோது உயரவில்லை. உதவாமல் விட்டபோது பெண்ணின் மதிப்பீடு இறங்கியது, ஆணுக்கு இறங்கவில்லை. பெண் உதவினால் அது ‘இயல்பு’, ஆண் உதவினால் ‘பெருந்தன்மை’! கூட்டக் குறிப்பு எழுதுவது, பிரிவுபசார ஏற்பாடு, புதியவருக்கு இடம் காட்டுவது போன்ற, பதவி உயர்வுக்கு உதவாத வேலைகளுக்கு “யார் முன்வருகிறீர்கள்?” என்று கேட்காதீர்கள். முறை வைத்துச் சுற்றிவிடுங்கள். இங்கே தன்னார்வத்தைவிட முறை நல்லது.

ஹெச்.ஆரின் 10 மதிப்பெண்ணுக்கு வருவோம். வைத்த அடுத்த வாரமே உதவி கூடும், சந்தேகமில்லை. நீங்கள் இருக்கும்போது கூடும். உங்களுக்கு நகல் போட்டு ‘உதவி’ மின்னஞ்சல்கள் பறக்கும். புதியவர் கேட்காததையெல்லாம் சொல்லித்தருவார்கள். யாருக்கும் தெரியாமல் செய்யும் உதவிக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் அது குறையும். வீட்டில் குழந்தையோ நோயாளியோ இருந்து நேரத்துக்குக் கிளம்ப வேண்டியவர்கள் தோற்பார்கள். ஏரன் விகோடா-கடோட் என்ற ஆய்வாளர் 2006-இல் இதற்குக் ‘கட்டாயக் குடிமை நடத்தை’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். தாமாகச் செய்வது போன்ற தோற்றத்தில், மறுக்க முடியாமல் செய்யும் வேலை. அது சேர்த்துத் தருவது அலுப்பும் மன அழுத்தமும்தான். ஹெச்.ஆரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “தேவையானதை வேலை விவரத்தில் சேர்த்து நேரம் கொடுக்கிறோம். மீதி உண்மையிலேயே விருப்பமாக இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து எண்ணிக்கையோடு வருகிறேன்.” அப்ரைசலில் உதவிக்கு மதிப்பெண் இல்லாவிட்டாலும் உதவுகிறவரைப் பற்றி உங்கள் மனம் உயர்வாகவே மதிப்பிடும் என்பதையும் மறக்காதீர்கள். அப்ரைசல் எழுதும்போது வேலையின் எண்ணிக்கையையும் தரத்தையும் முதலில் எழுதி மூடிவிட்டு, பிறகு மற்றதை எழுதுங்கள். நன்றியை மட்டும் தாராளமாகச் சொல்லலாம். அன்றைக்கே, குறிப்பாக: “நீங்கள் அந்த பில் கணக்கைச் சொல்லிக் கொடுத்ததால் அவர் இன்று நான்கு டிக்கெட்டைத் தானே முடித்தார்.” எல்லார் முன்னாலும் சொல்லலாமா என்று ஆளைப் பார்த்து முடிவெடுங்கள், சிலருக்குக் கூச்சமாக இருக்கும்.

எண்ணிக்கை என்று சொன்னது இதுதான். வாரத்துக்கு உங்களிடம் எத்தனை விஷயம் வந்தன என்பது ஒன்று. மாதம் ஒருமுறை ஒவ்வொருவரும் “இந்த மாதம் எனக்கு உதவிய இருவர்” என்று பெயர் எழுதி உங்களிடம் மட்டும் தருவது மற்றொன்று. ஒரு தாளில் 13 புள்ளி வைத்து அம்புக்குறி போடுங்கள். முதல் மாதம் எல்லா அம்பும் உங்களுக்கும் அக்காவுக்கும் வரும். மற்றவர்களுக்கு இடையில் புதிதாக எத்தனை அம்பு முளைக்கிறது என்று பாருங்கள். அந்தத் தாளை யாருக்கும் காட்டாதீர்கள், காட்டிய நாளே அது மதிப்பெண் பட்டியல் ஆகிவிடும். முதல் சில வாரங்களில் பெண்டிங் ஏறும். அதை உங்கள் மேலாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் நடுவில் அவர் பயந்துபோய்ப் பழையபடி உங்களையே முடிக்கச் சொல்வார்.

மூன்று மாதம் கழித்தும் ஒருவரோ இருவரோ யாருக்கும் உதவாமல் தங்கள் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் டிக்கெட்டை ஒழுங்காக முடித்து, ஷிப்ட் குறிப்பை எழுதிவிட்டு, நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவரை விட்டுவிடுங்கள். அவர் லீவு கேட்டால் அதே விதிப்படி கொடுங்கள்.